தொலைக்காட்சியின் அடியில் ஒட்டிய பட்டி

இதை எழுதுவோமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகத் தயங்கினேன். இரண்டு தரம் கொப்பி வாங்கி வைத்தேன். முதலாவது கொப்பியில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் சுழியும் 'நான்' என்ற ஒரு சொல்லும். அதற்கு மேல் கை ஓடவில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். ஆனால் எழுத வராதபடியால் நின்றேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தால் நின்றேன். யார் மேல் கோபம் என்று எழுதத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி அந்த ஒற்றைச் சொல்லிலேதான் வந்து முடியும் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் கட்டடத்தின் வீட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு. கம்பிவலைக் கதவு போட்டது. அதையெல்லாம் இடித்துத் திருத்தப் போகிறார்களாம், பழைய சாமான்களை அகற்றட்டாம். நாங்கள் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இந்த ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறோம். அறையில் என்ன கிடக்கிறது என்று முருகனுக்குத்தான் தெரியும். பனிச்சறுக்குக் கட்டை, நெளிந்த இட்டலிச் சட்டி, மகளின் சின்ன வயதுச் சப்பாத்துகள். எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய படுக்கை விரிப்பால் மூடியபடி, எங்கள் கனத்த தொலைக்காட்சிப் பெட்டி. பின்பக்கம் கூன் விழுந்த பழைய காலத்துப் பெட்டி. விரிப்பை இழுத்தேன். திரையின் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நாலு விரல் அகலத்துக்கு மண்ணிறப் பட்டி அப்படியே ஒட்டியிருந்தது.

பட்டியின் பசை மணம் இன்னும் போகவில்லை. ரப்பர் எரிந்து ஆறினது போல ஒரு மணம். அதை மூக்கு பிடித்தவுடன் நான் ஒஸ்லோவில் இல்லை; நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில், மீன் தொழிற்சாலையின் பெட்டி கட்டுகிற பகுதியில், இரண்டு காற்சட்டைக்கு மேல் மூன்றாவது காற்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பட்டி அங்கிருந்து வந்ததுதான். உறைந்த மீன் பெட்டிகளை ஒட்டுவதற்கென்று செய்தது. வேலையை விட்டு ஒஸ்லோ வரும்போது நாலு சுருள் கையோடு கொண்டுவந்தேன். கேட்டுத்தான் எடுத்தேன், களவில்லை. நாங்கள் ஏழெட்டு வருஷம் அங்கே இருந்தோம். நான் பெட்டி ஒட்டினேன். என் மனைவி யோகேஸ்வரி கத்தியோடு வரிசையில் நின்று மீன் துண்டு போட்டாள். அவளுடைய இரண்டு பக்கத்திலும் தமிழ்ப் பெண்கள். முழு வரிசையும் தமிழ். மேற்பார்வைக்கு நின்ற நோர்வேக்காரர்கூட "கெதியா, கெதியா" என்று எங்கள் பாஷையில் சொல்லப் பழகிவிட்டார். அங்கே எங்களுக்கு நோர்வேஜிய மொழி தேவைப்படவில்லை. மீனுக்கும் தேவைப்படவில்லை.

யோகேஸ் ஊரில் என்னைவிடக் கூடப் படித்தவள். சாதாரணதரச் சோதினையில் இங்கிலிஷுக்கு நல்ல புள்ளி எடுத்தவள். கல்யாணம் பேசி வந்த நேரம் மாமனார் அதைத்தான் முதலில் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மனிசிக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு வைக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மகள் அபிராமிக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் ஒஸ்லோவுக்கு மாறினோம். எனக்கு பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. ஒரு வாரம் காலை நேரம், ஒரு வாரம் பின்னேரம், மாறி மாறி. யோகேஸுக்கு ஒரு முதியோர் இல்லத்தில், ஆள் குறைந்தால் கூப்பிடுகிற வேலை. காலையில் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வீடு. அவள் தேத்தண்ணி குடிக்கும்போதும் ஒரு கண்ணைத் தொலைபேசியில் வைத்திருந்தாள்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். வீட்டுச் சங்கத்துக்குக் கட்டுகிற மாதக் காசோடு சேர்ந்து கேபிள் வரும். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அந்தக் கேபிளில் ஒரு அலைவரிசை, முழுக்க முழுக்கப் பிரித்தானியாவின் நிகழ்ச்சிகள். பழைய வீடு வாங்கித் திருத்துகிறவர்கள், மண்வெட்டியோடு நின்று ரோசாவைப் பற்றிக் கதைக்கிறவர்கள், பாட்டன் வைத்துவிட்டுப் போன கோப்பையைக் கொண்டுவந்து விலை கேட்கிறவர்கள். கொலை நடந்த வீட்டிலும் முதலில் தேத்தண்ணி ஊற்றுவார்கள். பேச்சு இங்கிலிஷ். திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் நோர்வேஜிய மொழிபெயர்ப்பு ஓடும், இந்த நாட்டுச் சனத்துக்காக.

வேலை நாட்களில் பின்னேரம் நாலரைக்கு ஒரு ஆஸ்பத்திரி நாடகம் போனது. யோகேஸ் வேலையால் வந்து, கால் கழுவி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு அதற்கு முன் இருப்பாள். மடியில் ஒரு கொப்பி. நான் கோலம் கீறுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டிருந்தாள். முதலாவதில் காதில் விழுந்த இங்கிலிஷ் சொல், இரண்டாவதில் அடியில் ஓடிய நோர்வேஜியச் சொல், மூன்றாவதில் தமிழ். தலையணை. படுக்கைப் புண். மூச்சு முட்டுது. வீக்கம்.

"இதென்ன, டொக்டருக்குப் படிக்கிறீரோ?" என்று பகிடி விட்டேன்.

"ஓம், உங்களுக்குத்தான் முதல் ஊசி" என்றாள்.

அவளுக்கு ஊரில் படித்த இங்கிலிஷ் காதில் கொஞ்சம் விளங்கும். அந்த இங்கிலிஷைத் திறப்பாக வைத்து அடியில் ஓடும் நோர்வேஜியத்தைத் திறந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே கண்டுபிடித்த வழி. மொழி வகுப்புக்குப் போக முடியாத மனிசி. எந்தக் காலை தொலைபேசி அடிக்கும் என்று தெரியாதே. அவளுக்கு அந்த முக்கால் மணித்தியாலம் வகுப்பாக இருந்தது.

ஒருநாள் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் கட்டிலில் இருந்து எழும்பும்போது "ஸ்விம்மெல்" என்றாராம். தலைச்சுற்று. அந்தச் சொல் அதற்கு முந்தின வாரம்தான் நாடகத்தில் வந்தது. அவள் பாய்ந்து பிடித்திராவிட்டால் கிழவர் விழுந்து இடுப்பை உடைத்திருப்பார். பகுதிப் பொறுப்பாளர் இங்கர் என்ற பெண் கூப்பிட்டுச் சொன்னாவாம்: "அடுத்த வருஷம் ஒரு நிரந்தர இடம் வருது. நோர்வேஜிய மொழிச் சோதினை பாஸ் பண்ணினால் அது உனக்கு."

"நிரந்தரமெண்டால், இஞ்சாருங்கோ, போன் அடிக்கத் தேவையில்லை. நானாப் போகலாம்" என்றாள். அன்றைக்குக் கடலைவடை சுட்டாள்.

நான் வடை தின்றேன். நல்லது என்று சொன்னேனோ தெரியாது. சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோடையில் லண்டனில் இருந்து என் சகலன் வந்தார். யோகேஸின் அக்கா புருசன். நல்ல மனிசன்தான், ஆனால் வாய் நிறைய லண்டன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த நாட்களில் எங்கள் சனத்துக்குப் பிடித்த லண்டன் விசர். வாரத்துக்கு ஒரு குடும்பம் சாமான் கட்டியது. கோயிலில் பஞ்சபுராணம் படிக்கிறபோதும் பின்வரிசையில் லண்டன் கதை. பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் வேண்டுமாம், நோர்வேஜியமும் ஒரு பாஷையோ என்று இழிப்பு. எங்களுக்கு அகதி என்று கதவைத் திறந்த நாட்டின் பாஷையை அந்த நாட்டின் சோற்றைத் தின்றுகொண்டே இழித்தோம். நானும் இழித்தேன். அதை நினைக்க இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

சகலன் கதிரையில் சாய்ந்து அந்த அலைவரிசையைப் பார்த்தார். "அட, உங்களுக்கு லண்டன் வீட்டுக்குள்ளையே வருது. பிள்ளையை இதுக்கு முன்னாலை இருத்தினால் போதுமே" என்றார். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் தம்பி, கீழை ஓடுற உந்த எழுத்துத்தான் பிழை. கண் கீழை போனால் காது அடைச்சுப்போம். பிள்ளை வாசிக்கும், கேளாது. உதை மறையும்."

"எப்படி மறைக்கிறது அண்ணை?"

"ஒரு மட்டையை வெட்டி ஒட்டும். இதுக்கும் எஞ்சினியர் வரவேணுமோ?"

எஞ்சினியர் வரவில்லை. மீன் பெட்டி ஒட்டினவன் இருந்தான். சோளப்பொரிப் பெட்டியின் மட்டையை அளந்து வெட்டினேன், மேலே பாட்ஸ்பியோர்ட் பட்டியை இழுத்து ஒட்டினேன். மடிப்பு இல்லாமல், காற்றுக்குமிழி இல்லாமல், தொழில் சுத்தமாக. சகலன் தட்டிப் பார்த்துவிட்டு "இது உலகம் அழிஞ்சாலும் கழராது" என்றார். எனக்குப் பெருமை. எங்கள் கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தாங்களும் ஒட்டினார்கள். அதற்கும் பட்டி நான்தான் கொடுத்தேன்.

யோகேஸ் குசினி வாசலில் ஈரக்கையோடு நின்றாள். "இஞ்சாருங்கோ, அதை மறைச்சால் எனக்கு..." என்று தொடங்கினாள்.

"உமக்கு என்னத்துக்கு? ரெண்டு வருஷத்திலை லண்டன் போறம். அங்கை உமக்கு நோர்வேஜியன் கதைக்க ஆர் வரப்போகினம்?"

சகலன் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று நான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவள் தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை. அதுவும் போதாதென்று மகள் சொன்னாள். அபிராமிக்குப் பதினொரு வயது. அடுத்த நாள் பள்ளிப் பையோடு வந்து திரைக்கு முன் நின்று, "அப்பா, இதை எடுங்கோ. அது அம்மான்ரை ஸ்கூலெ" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு இந்த நாட்டுச் சொல். எனக்குக் கோபம் வந்தது. "பெரியப்பா உன்ரை நன்மைக்குத்தான் சொன்னவர். வாய் காட்டாதை" என்றேன். அவள் அந்த அலைவரிசைக்கு முன் பிறகு ஒருநாளும் இருக்கவில்லை. யாருக்காக ஒட்டினேனோ அவள் பார்க்கவே இல்லை. இங்கிலிஷைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டாள், இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறது போல. அதைக்கூடக் கேட்டு அறியவில்லை நான்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் போனால் கோயில் படி மிதிக்க எனக்குத் தகுதி இல்லை. நாங்கள் நவராத்திரி தவறாமல் செய்கிற வீடு. சரஸ்வதி பூசையன்று மகளின் புத்தகங்கள், யோகேஸின் தையல் கத்தரிக்கோல், என் வேலைச் சாவி எல்லாம் படத்துக்கு முன் அடுக்கிச் சந்தனம் வைப்போம். அந்த வருஷம் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. பிள்ளைக்கு இங்கிலிஷ் ஊட்டுகிற பெட்டியும் கல்விக் கருவிதானே என்று தொலைக்காட்சிக்கும் பொட்டு வைத்தேன். கண்ணாடியில் வைத்தால் வழியும் என்று பட்டியின் மேல் வைத்தேன். நல்ல வட்டமாக, நடுவில் குங்குமமும். ஒரு மனிசியின் எழுத்தை மறைத்து, மறைப்பின் மேல் சரஸ்வதிக்குப் பொட்டும் வைத்து, கற்பூரமும் காட்டினேன். யோகேஸ் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். என்ன கேட்டுக் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

பட்டி ஒழுங்காக நிற்கவில்லை. இடது பக்க மூலை அடிக்கடி கிளம்பும். நான் மேலே புதிதாக ஒரு துண்டு ஒட்டுவேன். மூன்று நாலு தரம் ஒட்டினேன். காரணமும் கண்டுபிடித்தேன். "இது குளிருக்கெண்டு செய்த பட்டி. ரீவிச் சூட்டுக்குப் பசை இளகுது" என்று யோகேஸுக்கு விளக்கம் சொன்னேன்.

"ஓம், இருக்கும்" என்றாள்.

வசந்தத்தில் சோதினை எழுதினாள். கேட்டல் பாஸ், கதைத்தல் பாஸ், வாசித்து எழுதுகிறதில் கொஞ்சத்தால் விட்டுவிட்டாள். நிரந்தர இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. இங்கர், "அடுத்த முறை பார்ப்பம்" என்றாவாம். அடுத்த முறை வரும் முன் இங்கரே வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டா. பிறகு வந்தவருக்கு ஸ்விம்மெல் கதை தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து அன்னதானம். நீண்ட மேசைகளில் இருந்து சாப்பிடுகிறோம். யோகேஸ் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வருகிறாள். எனக்கு முன்னால் இருந்த ஒருவர், "எப்பிடி, யோகேஸ் அக்காவுக்கு வேலை நிரந்தரமாச்சோ?" என்று கேட்டார். அவள் எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி நிற்கிறாள். எனக்குத் தெரியும் நிற்கிறாள் என்று.

"எங்கை, அவவுக்குப் பாஷை ஏறாதப்பா. மீன் வெட்ட விட்டால் வெட்டுவா" என்றேன்.

மேசை சிரித்தது. சாம்பார் கரண்டி என் இலைக்கு வந்தது. வழக்கம்போல முருங்கைக்காய்த் துண்டு இரண்டு பார்த்துப் போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று. அந்தச் சாப்பாட்டை நான் முழுக்கச் சாப்பிட்டேன், மோரும் குடித்தேன். பிள்ளையார் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வரி ஊரெல்லாம் போனது. ரொம்மன் பக்கத்துத் தமிழ் வீடுகள் வரைக்கும் நடந்து போனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், போன தைப்பொங்கலுக்கு, இங்கே பிறந்து வளர்ந்த ஒரு இளம் பெண் பகிடியாகச் சொல்கிறாள்: "நானும் யோகேஸ் மாமி மாதிரித்தான், எனக்குத் தமிழ் ஏறாது." தமாஷ். பிள்ளை ஒன்றும் அறியாது. நான் அப்போதும் கற்கண்டுச் சாதம் சாப்பிட்டேன்.

லண்டன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சோதினை முடிந்த அடுத்த வருஷம் நான் மட்டும் இரண்டு கிழமை போய்ப் பார்த்தேன். சகலன் வீடு, வீடுதான். ஆனால் அதற்குள் மூன்று குடும்பம். அவர் பகலில் ஒரு கடையிலும் பின்னேரத்தில் இன்னொரு கடையிலும் நின்றார். அக்கா என்னிடம் மெதுவாக, "அங்கை சும்மா இருங்கோ தம்பி. இவர் உங்களைக் கூப்பிடுறது துணைக்குத்தான்" என்றா. தொலைக்காட்சியில் வந்த ரோசாத் தோட்டக்காரர் ஒருவரையும் நான் காணவில்லை. திரும்பி வந்து லண்டன் என்ற சொல்லையே எடுக்கவில்லை. யோகேஸும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். லண்டன் இல்லை என்று தெரிந்த அன்றே அந்தப் பட்டியைக் கிழித்தெறிய எனக்கு என்ன தடை? ஒரு இழுவை, அவ்வளவுதான். நான் கிழிக்கவில்லை. கிழித்தால் ஒட்டியது பிழை என்று ஆகிவிடும். வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு முன் பிழை என்று ஆகக் கூடாது. அதற்காக இன்னும் மூன்று நாலு வருஷம் அது அங்கேயே இருந்தது. சகலன் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அவர் ஒருநாள் வாய் விட்டுவிட்டுப் போனவர். லண்டன் விசர் பிடித்த சனத்தின் மேல் கோபம் உண்டு, ஆனால் அவர்கள் என் வீட்டுக்குள் வந்து ஒட்டவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னால் இருந்து செய்தி பார்த்தேன். கோபத்துக்கு விலாசம் தேடி நான் எங்கும் அலையத் தேவையில்லை.

பிறகு கேபிள் நிறுவனத்தில் இருந்து ஒரு கடிதம். அந்த அலைவரிசையை எடுக்கிறார்களாம், போதிய ஆட்கள் பார்ப்பதில்லையாம். நல்ல மனிசன் மாதிரி அதைச் சத்தமாக வாசித்தேன். "இனிப் பட்டி தேவையில்லை, கழட்டுவம்" என்று எழும்பினேன்.

யோகேஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "இப்ப ஏன் கழட்டுறியள்? இருக்கட்டும். இனி அதுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லையே."

இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் அப்படிப் பேசியது அந்த ஒரு தரம். நான் திரும்ப இருந்துவிட்டேன். அடுத்த மாதம் தட்டைத் திரைத் தொலைக்காட்சி வாங்கினோம். பழையதைப் பட்டியோடேயே நிலவறைக்குக் காவினேன்.

போன மாதம் அதே பெட்டிக்கு முன் நிலத்தில் இருந்தேன். பெட்டியைக் கழிவுக்குக் கொடுக்க முதல் பட்டியை உரிப்போம் என்று நகத்தால் மூலையைத் தேடினேன். தேடத் தேவைப்படவில்லை. இடது பக்க நுனி உள்பக்கமாக மடித்திருந்தது. விரல் நகம் அளவு சின்ன மடிப்பு. பெட்டி ஒட்டுகிறவனுக்கு அது என்னவென்று உடனே தெரியும். பட்டியை அடுத்த முறை சுலபமாக இழுக்க வேண்டும் என்றால்தான் நுனியை அப்படி மடித்து வைப்போம். நான் மடிக்கவில்லை. அந்த நாட்களில் மூலை கிளம்பினால் குனிந்து பார்க்காமலே மேலால் ஒட்டிவிடுவேன். மேல் அடுக்கை உரித்தேன். அடியில் இருந்த அடுக்கிலும் அதே மூலையில் அதே மடிப்பு. அதற்கு அடியிலும். நாலு அடுக்கு, நாலு மடிப்பு. உள்ளே மட்டையின் ஓரம் எண்ணெய்க் கை பட்டு மினுங்கியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூலை கிளம்பியதெல்லாம் நான் பின்னேர வேலைக்குப் போன வாரங்களில். காலை வேலை வாரங்களில், நாலரைக்கு நான் வீட்டில் இருந்த நாட்களில், எந்தச் சூட்டுக்கும் பசை இளகவில்லை. நான் வீட்டில் இல்லாத வாரம் அவள் உரித்துப் படித்தாள். நான் வர முதல் திரும்ப ஒட்டினாள். தன் வீட்டில், தன் தொலைக்காட்சியில், களவாக. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அப்படிப் படித்துத்தான் கொஞ்சத்தால் விட்டாள். மற்ற வாரங்களும் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

மேலே வந்து அந்தப் பட்டியை மேசையில் வைத்தேன். "இதென்ன?" என்றேன்.

யோகேஸ் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். "கண்டு பிடிச்சிட்டியள். சூட்டுக்கு இளகினதுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான். சகலனும் சகலனும் சிரிச்சியள்." பிறகு, "விடுங்கோ, முடிஞ்ச கதை. தேத்தண்ணி போடட்டோ?" என்றாள்.

முடியவில்லை. அவள் விடச் சொல்வதும் எனக்குக் கோபம். அடுத்த செவ்வாய் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன், தேங்காய்தான் உடைந்தது.

இப்போது ஒன்றும் இல்லை. அந்த அலைவரிசை இல்லை. அதைக் கொண்டுவந்த கேபிளே இல்லை. சுவரில் துவாரம் மட்டும் இருக்கிறது. கூன் பெட்டியை ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சகலன் காலமாகிவிட்டார். முதியோர் இல்லத்தை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. யோகேஸ் அங்கே கடைசி வரைக்கும் தொலைபேசி அடித்தால் போகிறவளாகவே இருந்து, முழங்கால் ஏலாமல் நின்றாள். மூன்று கோடு போட்ட கொப்பி எங்கே என்று கேட்டேன். "வீடு துப்புரவாக்கேக்கை எறிஞ்சிட்டன்" என்றாள். இன்றைக்கும் எந்தப் படம் போட்டாலும் அவள் கண் முதலில் போவது திரையின் அடிக்குத்தான். அங்கே எழுத்து ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ யாராவது "யோகேஸுக்குப் பாஷை ஏறாது" என்று தொடங்கினால், சாப்பிடுகிற கையை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். எனக்கு இரக்கப்பட்டு மெதுவாக்க வேண்டாம். அவன் பிள்ளைக்காகத்தானே செய்தான் என்று ஒரு சொல் சேர்க்க வேண்டாம். பிறகு மனம் வருந்தினான் என்று நல்ல முடிவு வைக்க வேண்டாம். அவள் படித்தாள், புருசன் மறைத்தான், மறைத்ததற்கு மேல் பொட்டும் வைத்தான், பிறகு சபையில் அவளை வைத்துச் சிரித்தான் என்று, எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.